பெட்டியும் ஒரு மோட்டார் வாகனம்

ஊர்காவற்துறையிலிருந்து வரும் படகு யாழ்ப்பாணத் தீவகத்திலுள்ள அனலைதீவின் இறங்குதுறையில் அணைந்ததும் முதலில் ஆட்கள் இறங்குவார்கள், பிறகு மூட்டைகள். சீமெந்துப் பைகள், எரிவாயுச் சிலிண்டர்கள், அரிசி, கடைச் சாமான்கள் அடைத்த மட்டைப் பெட்டிகள், சில நாட்களில் கயிறு கட்டி நிமிர்த்திய ஒரு மோட்டார் சைக்கிள். இவற்றை ஏற்றிச் செல்லக் கரையில் நிற்பது லான்ட்மாஸ்ரர். முன்னால் இரண்டு சில்லு, அவற்றின் மேல் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், பின்னோக்கி நீளும் இரண்டு கைபிடிகள், அதற்குப் பின்னால் கொக்கியில் பூட்டிய பெட்டி. ஓட்டுபவர் பெட்டியின் முன்விளிம்பில் அமர்ந்துகொண்டு கைபிடிகளைப் பிடித்திருப்பார். மூட்டைகள் ஏறி முடிந்ததும் மிச்ச இடத்தில் ஆட்களும் ஏறிக்கொள்வார்கள்.

காலையில் வயலை உழுத அதே எஞ்சின்தான் மத்தியானம் சாமான் ஏற்றுகிறது. பெட்டிக்குள் தாங்கியை வைத்தால் தண்ணீர் வண்டி, பலகை போட்டால் கோயிலுக்குப் போகிறவர்களின் வாகனம். அவசரத்துக்கு நோயாளியை இறங்குதுறைவரை கொண்டுவந்து சேர்த்த பெட்டிகளும் தீவுகளில் உண்டு. ஐந்து சதுர கிலோமீற்றருக்கும் சற்றுக் குறைவான நிலப்பரப்பு, பனைகளுக்கு நடுவே ஒடுங்கிய ஒழுங்கைகள், நெல்லும் புகையிலையும் விளையும் தோட்டங்கள். இப்படிப்பட்ட ஊருக்கு ஒரே வண்டி பல வேலை பார்ப்பதுதான் கட்டுப்படியாகும்.

ஆனால் சட்டம் ஒரு வண்டிக்கு ஒரு வகையைத்தான் கொடுக்கிறது. அதை யார் ஓட்டலாம், யார் ஏறலாம், எதை ஏற்றலாம், விபத்து நடந்தால் இழப்பீடு யார் கொடுப்பது என்பதெல்லாம் அந்த வகையில்தான் தொங்கி நிற்கிறது. தீவகத்தில் இந்தப் பேச்சு எழுவது பெரும்பாலும் பொலிஸார் மறித்த பிறகுதான். அதைவிடக் கெட்ட வேளை, விபத்து நடந்த பிறகு.

சட்டம் எழுதிய வரைவிலக்கணம்

இலங்கையின் வீதிகளை ஆள்வது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கிறது. மோட்டார் வாகனம் எது என்று அது சொல்லும் வரைவிலக்கணத்திலேயே உழவு இயந்திரமும் இழுவைப் பெட்டியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வீதி உருளை, அதாவது தார் போட்டபின் மேலே உருட்டும் அந்தப் பெரிய இயந்திரம், மோட்டார் வாகனம் இல்லை என்று அதே வரைவிலக்கணம் விலக்கிவிடுகிறது.

இதில் தீவகத்தார் கவனிக்க வேண்டியது பெட்டியைப் பற்றிய பகுதி. எஞ்சின் இல்லாத, தானாக ஓர் அங்குலமும் நகராத பெட்டி சட்டத்தின் கண்ணில் ஒரு மோட்டார் வாகனம். ஆகவே அதற்கும் பதிவு வேண்டும், இலக்கம் வேண்டும். 'எஞ்சினுக்குப் புத்தகம் இருக்கு, பெட்டிக்கு என்னத்துக்கு?' என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பட்டறையில் தகரமும் இரும்பும் வாங்கி ஒட்டவைத்து, பழைய சில்லுப் பூட்டிய பெட்டிகள் ஊரூராக ஓடுவதால் வரும் கேள்வி அது. பெட்டி கழன்று போய் ஒருவர்மேல் மோதினால், அதன் உரிமையாளர் யார், அது எந்த அளவுக்குப் பாரம் ஏற்றத் தகுந்தது என்பதைக் காட்ட ஒரு பத்திரமும் இருக்காது. பதிவு தேவைப்படுவது அந்த நாளுக்காகத்தான்.

சட்டத்தின் பட்டியல் நீளமானது. மோட்டார் கார், மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, சாமான் ஏற்றும் முச்சக்கர வான், லொறி, பஸ், இரட்டைப் பயன்பாட்டு வாகனம், அம்புலன்ஸ், அமரர் ஊர்தி, மாற்றுத்திறனாளிகளின் வண்டி, தரை வாகனம் என்று போகிறது. உழவு இயந்திரம் விழுவது தரை வாகனத்துக்குள். விவசாயத்துக்கென்று செய்யப்பட்ட வண்டி, வேலையின் நிமித்தம் வீதிக்கும் வந்துபோகும் என்பதே அந்த வகையின் உட்கருத்து. ஆட்களை ஏற்றி இறக்கும் வாகனமாக அது ஒருபோதும் எண்ணப்படவில்லை.

ஜி1 என்ற சின்ன எழுத்து

சாரதி அனுமதிப்பத்திர அட்டையின் பின்பக்கத்தை எத்தனை பேர் நின்று வாசித்திருப்பார்கள்? அங்கே சின்னச் சின்ன வண்டிப் படங்களும் எழுத்துக்களும் இருக்கும். ஏ1, ஏ என்பவை மோட்டார் சைக்கிள்கள். பி1 ஓட்டோ. பி என்பது மொத்த நிறை 3,500 கிலோகிராமுக்கு மேற்படாத, சாரதியோடு சேர்த்து 9 இருக்கைக்கு மேற்படாத கார், வான் வகை. சி1 என்றால் 3,500 முதல் 17,000 கிலோகிராம் வரையான லொறி. அதற்கு மேலே சி. பாரமான இழுவை பூட்டிய லொறிக்கு சி.இ. 33 இருக்கை வரையான சிறிய பஸ் டி1, அதற்கு மேல் டி. உழவு இயந்திரத்துக்கு ஜி. லான்ட்மாஸ்ரருக்கு ஜி1.

ஜி1 பற்றி ஒரு நுட்பம் உண்டு. ஜி வகை உழவு இயந்திரத்தைப் பெட்டியோடும் ஓட்டலாம், பெட்டி இல்லாமலும் ஓட்டலாம். ஜி1 வகையோ இரண்டு சில்லு இயந்திரத்தைப் பெட்டியோடு சேர்த்தே குறிக்கிறது. காரணம் மிக எளியது. லான்ட்மாஸ்ரரில் உட்கார ஆசனம் கிடையாது. வயலில் பின்னால் நடந்துதான் உழ வேண்டும். வீதியில் ஓட்டுவதென்றால் உட்காருமிடத்தைத் தருவது பெட்டிதான். ஆக, பெட்டி இருந்தால்தான் அது வீதி வாகனம் ஆகிறது. பெட்டிக்கு ஒரு புத்தகம் வேண்டும் என்பதன் நியாயம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் விளங்காது.

கார் ஓட்டத் தெரிந்தவர் லான்ட்மாஸ்ரரை ஓட்டிவிடலாம் என்று நினைப்பதும் தவறு. அதற்கு ஸ்ரியறிங் சக்கரம் இல்லை. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடப்பக்கக் கிளச்சை அழுத்த வேண்டும். அந்தப் பக்கச் சில்லுக்குப் போகும் விசை நின்று வண்டி அந்தப் பக்கம் திரும்பும். சமதரையில் இது சரி. இறக்கத்தில் பாரத்தோடு வரும்போது கதை தலைகீழாகிறது. விசை விடுபட்ட சில்லு தடையின்றி வேகமாக உருள, வண்டி எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அனலைதீவு தட்டையான தீவுதான். ஆனாலும் இறங்குதுறைக்கு இறங்கும் சரிவிலும் வீதியோரப் பள்ளத்திலும் பழக்கமில்லாத கைக்கு அந்த ஒரு கணம் போதும். ஜி1க்குத் தனிப் பரீட்சை வைத்தவர்கள் வண்டியை அறிந்தவர்களே.

அட்டையில் உள்ள நிறைக் கணக்கு இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. 1968ஆம் ஆண்டு வியன்னாவில் நிறைவேறிய வீதிப் போக்குவரத்து ஒப்பந்தத்திலும் பி வகைக்கு அதே 3,500 கிலோகிராம், சாரதியைத் தவிர 8 இருக்கை, பின்னால் பூட்டும் இழுவைக்கு 750 கிலோகிராம் என்றே இருக்கிறது. இலங்கையிலும் பி வகை அனுமதி உள்ளவர் 750 கிலோகிராம் வரையான சிறிய இழுவையைத்தான் தன் வாகனத்தில் பூட்டலாம். ஐரோப்பாவில் காருக்குப் பின்னால் பூட்டும் சின்னப் பெட்டிக்காக எழுதிய இலக்கம் தீவகத்தாரின் சட்டைப்பைக்குள்ளும் இருக்கிறது.

பட்டா, கன்ரர், தட்டிவான்

யாழ்ப்பாணத்தில் இன்று சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகும் வண்டி பெரும்பாலும் பட்டா. டாடா நிறுவனம் 2005இல் இந்தியாவில் வெளியிட்ட ஏஸ் என்ற சிறிய லொறிதான் இலங்கையில் பட்டா என்ற பெயரில் விற்பனையானது. தமிழ்நாட்டில் அதைக் குட்டி யானை என்கிறார்கள். முக்கால் தொன் அளவுக்குத்தான் ஏற்றும், மொத்த நிறை 3,500 கிலோகிராமுக்கு மிகவும் கீழே. அதனால் பதிவுப் புத்தகத்தில் லொறி என்று இருந்தாலும் அதை ஓட்டக் கன லொறிக்கான அனுமதி தேவைப்படாது. வண்டியின் பதிவு வகை வேறு, அதை ஓட்டத் தேவையான அனுமதி வகை வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புவோர்தான் அதிகம். பட்டாவுக்கு அடுத்த படி கன்ரர். அதிலே சாமானின் பாரத்தோடு மொத்த நிறை 3,500ஐத் தாண்டும் ரகங்கள் உண்டு. அங்கே சி1 கேட்கும். வண்டி வெறுமையாக நின்றாலும் கணக்கு, ஏற்றக்கூடிய முழுப் பாரத்தோடுதான்.

பயணிகளையும் சாமானையும் ஒன்றாக ஏற்றுவது தீவகத்தின் புதுப் பழக்கமல்ல, குடாநாடு முழுவதற்கும் பழையது. கொடிகாமம் – பருத்தித்துறை வீதியில் ஓடிய தட்டிவான்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பின்புறம் தட்டியை இறக்கிவிட்டால் அதன்மேல் வாழைக்குலையும் மரக்கறிக் கடகமும் ஏறும், உள்ளே வியாபாரிப் பெண்கள் அமர்ந்துவருவார்கள். சந்தைப் பொருளாதாரமே அந்த வான்களில்தான் ஓடியது. பிற்காலத்துச் சட்ட மொழியில் இரட்டைப் பயன்பாட்டு வாகனம் என்று வான்களையும் டபிள் கப் வாகனங்களையும் பதிவு செய்கிறார்களே, அந்தத் தேவையைத் தட்டிவான் எப்போதோ தீர்த்து வைத்திருந்தது. மக்களுக்கு வேண்டிய வண்டி ஒன்று இருந்தது, அதற்குச் சட்டத்தில் இடமும் இருந்தது. லான்ட்மாஸ்ரர் பெட்டிக்கு அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை.

வகை என்பது விலையையும் தீர்மானிக்கிறது. இறக்குமதி வரி காருக்கு ஒன்று, லொறிக்கு ஒன்று, உழவு இயந்திரத்துக்கு இன்னொன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. பழையதைத் திருத்தி, வெட்டி ஒட்டி ஓட்டும் பழக்கம் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தகட்டில் எழுதிய வகை

வீதியில் நின்று பார்த்தே வண்டியின் வகையைச் சொல்லலாம். இலக்கத்தகட்டில் ஆங்கில எழுத்துத் தொடர் வந்த பிறகு சி என்று தொடங்கினால் கார், பி.ஏ.ஏ. என்று வந்தால் மோட்டார் சைக்கிள், மூன்றும் ஏ என்றால் ஓட்டோ, எல் என்றால் லொறி, என் என்றால் பஸ். இந்தத் தகடு ஒரு காலத்தில் பெரும் போராட்டத்தின் பொருளாக இருந்தது. 1950களின் பிற்பகுதியில் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்துக் கட்டாயமானபோது தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியது. தார் பூசும் போராட்டம் 1958ஆம் ஆண்டின் வரலாற்றோடு பிணைந்திருக்கிறது. பிறகு மாகாணத்தைக் குறிக்கும் எழுத்துக்கள் வந்தன. வட மாகாணத்து வண்டி எங்கே போனாலும் என்.பி. என்ற எழுத்தைச் சுமந்தது. 2023 ஜனவரி முதல் புதிய தகடுகளில் அதுவும் இல்லை.

காப்புறுதியில் வந்து முட்டும்

வகைப்பிரிப்பின் வலி தெரியும் இடம் காப்புறுதி. மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வண்டியை வீதியில் இறக்க முடியாது. அந்தப் பத்திரம் வண்டியின் வகையையும் எதற்குப் பயன்படுத்தப்படுகிறது என்பதையும் சொல்லித்தான் எழுதப்படுகிறது. விவசாயத்துக்கு என்று எழுதிய பத்திரத்தோடு பெட்டியில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போய்க் கவிழ்ந்தால், இழப்பீடு கேட்டுப் போகும் குடும்பத்திடம் முதலில் காட்டப்படுவது அந்த வரிதான். கைகால் முறிந்தவர் பக்கம் நியாயம் இருக்கலாம். பத்திரத்தில் அவருக்கு இடம் இருக்காது.

இந்தியாவில் இதே சிக்கல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வுவரை போனது. அங்கே 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 7,500 கிலோகிராம் வரை இலகு வாகனம். இலகு வாகன அனுமதி உள்ளவர் அந்த நிறைக்குள் வரும் சரக்கு வண்டியை ஓட்டலாமா, தனி அனுமதி வேண்டுமா என்பது கேள்வி. தனி அனுமதி இல்லை என்று காட்டிக் காப்புறுதி நிறுவனங்கள் இழப்பீட்டை மறுத்துவந்தன. 2024 நவம்பர் 6ஆம் திகதி வந்த தீர்ப்பு, 7,500 கிலோகிராமுக்குள் இருந்தால் இலகு வாகன அனுமதியே போதும் என்றது. அட்டையில் உள்ள ஓர் எழுத்துக்கு என்ன பொருள் என்று முடிவாகும்வரை எத்தனையோ குடும்பங்கள் நீதிமன்றப் படியேறின. இலங்கை வேறு சட்டம், வேறு நிறை. ஆனாலும் வகையைப் பற்றிய சந்தேகம் இருந்தால் அதன் செலவு யார் தலையில் விழும் என்பதை அந்த வழக்கு காட்டியது.

ரொறன்ரோவிலிருந்து வருபவர்கள்

கோடை விடுமுறையில் கனடாவிலிருந்து ஊருக்கு வரும் அனலைதீவாருக்கு வண்டி வகை பற்றிய வேறொரு பழக்கம் உண்டு. ஒன்ராறியோவில் சாதாரண ஜி அனுமதி இருந்தால் 11,000 கிலோகிராம் வரையான வண்டியை ஓட்டலாம்; பின்னால் 4,600 கிலோகிராம் வரை இழுக்கலாம். படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு கூடிய பெரிய மோட்டார் வீட்டை, அவர்கள் ஆர்.வி. என்று சொல்லும் வண்டியை, வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போவதற்கு அந்த எழுத்தே போதும். ஆனால் பெட்டி விடயத்தில் அங்கேயும் சலுகை இல்லை. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சின்ன இழுவைப் பெட்டிக்கும் தனித் தகடு உண்டு. பிரித்தானியாவில் 2021 டிசம்பர் 16 முதல் கார் அனுமதி உள்ளவர் தனிப் பரீட்சை இல்லாமலே 3,500 கிலோகிராம் வரையான இழுவையைப் பூட்டலாம் என்று தளர்த்தினார்கள். அங்கும் பாரக் கணக்கு போகவில்லை, எல்லைதான் நகர்ந்தது. இந்தியாவோ 2004இல் வெளியிட்ட வாகன வகைப் பட்டியலில் சொந்தப் பாவனைக்கான தங்கும் வானை வாடகை வண்டிகளிலிருந்து பிரித்து, விவசாய உழவு இயந்திரம் இருக்கும் அதே பக்கத்தில் வைத்தது.

இலங்கை அட்டையில் ஆர்.வி.க்குத் தனி எழுத்து இல்லை. நிறையையும் இருக்கைகளையும் பார்த்து பி அல்லது சி1 என்று ஓட வேண்டியதுதான். சுற்றுலாவுக்கு வான்களைத் தங்கும் வண்டிகளாக மாற்றுபவர்கள் நாட்டில் கூடிவருகிறார்கள். உள்ளே கட்டிலும் அடுப்பும் ஏறிய பிறகும் பதிவுப் புத்தகத்தில் பழைய வகையே இருந்தால், அதுவும் லான்ட்மாஸ்ரர் பெட்டிக்கு வந்த அதே சிக்கல்தான்.

கடல் நடுவே ஒரு பிரதேச செயலகம்

சட்டம் அனலைதீவுக்கும் கொழும்புக்கும் ஒன்றே. அதற்குக் கட்டுப்படுவதற்கு ஆகும் செலவு ஒன்றல்ல. அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்துறைப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகின்றன. வருமான அனுமதிப்பத்திரத்தை இப்போது இணையத்தில் புதுப்பிக்கலாம் என்பது நல்ல மாற்றம். ஆனால் அதற்கு முன் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். புகைப் பரிசோதனைக்கு வண்டி நேரே இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். அனலைதீவில் ஓடும் மோட்டார் சைக்கிளைப் படகில் ஏற்றி, ஊர்காவற்துறையில் இறக்கி, சோதித்து, மறுபடி படகில் ஏற்ற வேண்டும். ஓட்டோ என்றால் அதற்கு ஏற்ற படகு பார்க்க வேண்டும். யாழ்ப்பாண நகரத்தவருக்கு அரை மணி நேர வேலை, தீவாருக்குக் கடலும் காற்றும் பார்த்துச் செய்யும் காரியம்.

சாரதி அனுமதிப்பத்திரமும் அப்படியே. மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை என்று ஒவ்வொன்றுக்கும் தீவைவிட்டு வெளியேறி பண்ணைத் தாம்போதியைக் கடந்து போக வேண்டும். லான்ட்மாஸ்ரருக்கு இன்னொரு கேள்வியும் சேர்கிறது. ஜி1 செய்முறைப் பரீட்சை கொடுக்கத் தன் இயந்திரத்தைக் கடல் கடத்திக் கொண்டுபோவது எப்படி? பதினைந்து வயதில் தகப்பனின் கைபிடியைப் பிடித்துப் பழகிய பொடியன் நாற்பது வயதிலும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டுகிறான் என்றால், அவனது அலட்சியத்தோடு இந்தத் தூரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இருட்டில் விளக்கில்லாமல் ஓடும் பெட்டியை யாரும் நியாயப்படுத்த முடியாது. பின்னால் சிவப்புத் தெறிப்பான் ஒட்டாத பெட்டி இரவில் வீதியில் நின்றால், வேகமாக வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அது கடைசி நொடிவரை தெரியாது. குடாநாட்டில் உழவு இயந்திரப் பெட்டியின் பின்புறம் மோதி இளைஞர்கள் இறந்த செய்திகள் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. தெறிப்பான் ஒட்டும் செலவு சொற்பம். அதற்குக் கடல் கடக்கவும் வேண்டியதில்லை.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் வட மாகாண அதிகாரிகளுக்கும் தீவகத்தின் கோரிக்கை நியாயமானது. அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கொரு தடவையாவது முன்கூட்டியே திகதி அறிவித்து நடமாடும் சேவை வரட்டும். ஜி1 பரீட்சையைத் தீவிலேயே, தீவின் வண்டியிலேயே நடத்தட்டும். பெட்டிகளை அளந்து பதிவு செய்து தகடு கொடுக்கட்டும். வேறு வாகனம் போதாத தீவுகளில், எத்தனை பேர், எந்தப் பாதுகாப்போடு, என்ன வேகத்தில் என்று வரையறுத்து, பெட்டியில் ஆட்களை ஏற்ற ஒரு சட்டபூர்வ வழியையும் ஆராயட்டும். அதுவரை பெட்டி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று: இன்று இரவு பதிவுப் புத்தகத்தையும் காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்து, வாகன வகை, பயன்பாடு என்ற இரண்டு வரிகளையும் வாசித்துப் பாருங்கள். நாளைக் காலை பெட்டியில் ஏறப்போவது உங்கள் அயலவரின் பிள்ளை.